நல்ல சுவருக்கு ஒரு முட்டு

முதலில் நான் கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். புது வாசகர்கள் தெரிந்துகொள்ளட்டும். பழைய வாசகர்கள் இன்னொரு தடவை தெரிந்துகொள்வதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

தர்மபுரி டவுனில் ஒரே வரிசையாக ஐந்து ஓட்டு வீடு. நடுவில் ஒரு சேந்து கிணறு. பின்னால் மாட்டுக் கொட்டகை. முன்னால் ஒரு சந்து. ஆமாம், அந்தச் சந்து கூட நான் உண்டாக்கியதுதான். என் வீடுகள் வருவதற்கு முன்னால் அங்கே இருந்தது கள்ளி முளைத்த மேடு. பக்கத்தில் வீடு என்று ஒன்று இருந்தால்தானே அதற்குப் பெயர் சந்து?

எதை வைத்துக் கட்டினேன்? பென்னாகரத்திலிருந்து புளி மூட்டை ஏற்றி வந்த ஒரு மாட்டு வண்டியை வைத்து. ஒவ்வொரு நடைக்கும் மூட்டைக்கு அடியில் இரண்டு கருங்கல் போட்டுக்கொள்வேன். மண்டியில் எடை போடுவதற்கு முன்னால் கல்லை இறக்கிவிடுவேன் - நேர்மை முக்கியம். மாடுதான் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

படிப்பு? மூன்றாம் கிளாஸ். அதிலும் பாதி. கையில் காசு? இல்லை. மாமனார் ஆதரவு? 'இவன் கட்டற வூட்ல கோழி கூட குடியிருக்காது' என்று ஊர் நடுவில் சொன்னார். இன்றைக்கு நாலு வீடு வாடகைக்குப் போயிருக்கிறது. ஐந்தாவதில் நானும் என் மனைவி பச்சியம்மாளும் இருக்கிறோம். கோழியும் இருக்கிறது.

பாக்கி ஒன்றே ஒன்றுதான். என் வீட்டு வாசல் நிலைக்கு என்று ஒரு நீளமான வேங்கைக் கட்டையைக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தேன். நல்ல வைரம் பாய்ந்த கட்டை. அதில் 'மாதப்பன் கட்டியது' என்று செதுக்க வேண்டும் என்பது என் ஆசை. தச்சர் 'மா' வரைக்கும் வந்திருந்தார்.

இந்தப் பத்திரிகைப் பத்தியை எழுதுவதும் நான்தான். எழுத்துப் பிழையை ஆசிரியர் திருத்துகிறார். ஆனால் என் கையெழுத்தை யாரும் திருத்த வேண்டியதில்லை. பத்திரம் பதிகிற ஆபீசில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது கையெழுத்தா, மார்கழிக் கோலமா?" என்று கேட்டார். அந்தப் பாராட்டை நான் மறக்கவில்லை. எங்கே காகிதத்தை நீட்டினாலும் எனக்குக் கை துறுதுறுவென்று வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அரூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ரிப்பேர் செய்தால் வீட்டு வரி ஏறுமா? செய்யாமல் விட்டால் இறங்குமா?'

நண்பரே, சரியான ஆளைத்தான் கேட்டீர்கள். இந்தக் கேள்விக்கு இந்தத் தை மாதம்தான் நான் பதில் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பதற்குள் ஐந்து வீடும் போயிருக்கும்.

எங்கள் பஞ்சாயத்து போர்டில் சில வருஷங்களுக்கு ஒரு தடவை வீட்டு வரியைத் திருத்துவார்கள். ஓவர்சியர் வந்து வீட்டைப் பார்ப்பார்; வீடு எப்படி இருக்கிறதோ அதற்கு ஏற்ற மாதிரி வரி. இந்தத் தடவை பொங்கல் கழித்து வருகிறார் என்று பில் கலெக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். வெற்றிலை போடும்போது அவருக்கு வாய் தவறும். அதனால்தான் நான் அவருக்கு வெற்றிலை கொடுப்பது.

பொங்கல் கழித்து! யோசித்துப் பாருங்கள். வருஷம் முழுக்க அழுக்காகக் கிடக்கிற வீடு என்றைக்குப் புதுப்பெண் மாதிரி நிற்கும்? தையில்தான். ஊரே சுண்ணாம்பு அடித்து, காவிப் பட்டை போட்டு வைத்திருக்கும். அந்த நேரத்தில் வந்து பார்த்தால் குடிசை கூட பங்களாவாகத் தெரியாதா? படித்தவர்கள் எல்லாம் பேசாமல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் கிளாஸில் பாதி படித்தவனுக்குத்தான் இது தோன்றியது.

இந்த வருஷம் சுண்ணாம்பு கிடையாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு வீட்டுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு நான் கொடுக்க வேண்டும். அடிப்பது குடியிருப்பவர்கள் வேலை. இருபது வருஷமாக நடக்கிறது. ஆகவே போகிக்கு மூன்று நாள் முன்னால் கௌரம்மா வந்து நின்றாள். மூன்றாம் வீட்டுக்காரி. மாரண்டஹள்ளிப் பக்கத்துக் கன்னடக் குடும்பம். பஸ் நிற்கிற இடத்தில் பணியாரக் கடை. பணியாரம் மிருதுவாக இருக்கும். பேச்சு அப்படி இருக்காது.

"மாதண்ணா, சுண்ணாம்பு எங்க?"

"இந்த வருசம் இல்லம்மா."

"ஏன், அதையும் யுத்தத்துக்கு எடுத்துக்கினு போயிட்டாங்களா?"

"ஓவர்சியர் வராரும்மா. வெள்ள அடிச்ச வூட்டப் பாத்தா வரிய ஏத்திப்புடுவாரு. அழுக்கா கெடந்தா எறக்குவாரு. புரியுதா?"

"புரியுதுங்ணா. வரி எறங்கினா எங்க வாடக எறங்குமா?"

"அது வேற, இது வேற."

"ஏனு ஸ்வாமி நியாயம் இது! அழுக்கு எங்களுக்கு, லாபம் உங்களுக்கா?"

சில கேள்விகளுக்குப் பெரிய மனிதர்கள் பதில் சொல்லக் கூடாது.

"சரி, அத வுடுங்க," என்றாள். "உத்தரம் என்னாச்சு? ரெண்டு மழக்காலமா சொல்றேன். ஓடு ஒழுவி ஒழுவி உத்தரத்துல தண்ணி எறங்குது. என் தங்கச்சி பிரசவத்துக்கு வந்திருக்கா. நாளைக்கே கொழந்த பொறந்தா அதுலதான தூளி கட்டணும்?"

"அந்த உத்தரம் யாரு போட்டதுன்னு தெரியுமா?"

"நீங்கதான். எத்தன தடவ கேக்கறது அந்தக் கதைய!"

"நான் போட்ட உத்தரம்மா. ஒண்ணும் ஆவாது."

இருபது வருஷமாக யார் என்ன ரிப்பேர் கேட்டாலும் என் பதில் இதுதான். நான் போட்ட ஓடு, நான் கட்டின சுவர், நான் தோண்டின கிணறு. ஒரு பைசா செலவில்லாத பதில்.

கௌரம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு ரொம்ப அடக்கமாக, "ஓவர்சியர் வந்தா நானே பேசறேங்ணா. நீங்க வாயத் தொறக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் அடக்கமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. புத்திசாலிகளுக்கு மற்றவர்கள் புத்தி கண்ணில் படாது.

பொங்கல் வந்தது. ஊர் முழுக்க வெள்ளை. நடுவில் என்னுடைய ஐந்து வீடு மட்டும், பல் வரிசையில் ஐந்து சொத்தைப் பல் மாதிரி.

பச்சியம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். எங்கிருந்தோ அரைக் கூடை சுண்ணாம்பு சம்பாதித்து அடுப்படிக்கு உள்பக்கம் மட்டும் அடித்துக்கொண்டாள். 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டேன். "ஓவர்சியர் என் அடுப்படியில வந்து பொங்கல் வைக்கப் போறாராக்கும்?" என்றாள். பேசாமல் இருந்ததே தேவலை.

சுண்ணாம்பு அடிக்காததோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்வது என் ரத்தத்தில் இல்லை. ஏணி போட்டு ஏறி வீட்டுக்கு நாலு ஓடுகளைக் கோணலாக்கினேன். வாசல் சுவரில் அடுப்புக் கரியைக் கரைத்துத் தேய்த்தேன். கூரை மேல் ஒரு கள்ளிச் செடியை நட்டேன். என் வீட்டுப் பக்கச் சுவர் நல்ல கருங்கல் சுவர், யானை முட்டினாலும் அசையாது. அதற்கு ஒரு பெரிய சவுக்குக் கழியைச் சாய்வாக முட்டுக் கொடுத்தேன். சும்மா சாய்த்து வைத்தால் பொய் என்று தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே அடியில் ஆப்பு வைத்துச் சம்மட்டியால் இறுக்கினேன். இறுக்க இறுக்க எனக்கே அந்தச் சுவர் சாய்வது போல் தோன்றியது. அவ்வளவு தத்ரூபம்!

பிறகு குடியிருப்பவர்களைத் தயார் செய்தேன். முதல் வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவரைப் பார்த்தால் எந்த ஓவர்சியருக்கும் வரியை ஏற்றத்தான் தோன்றும்.

"சார், அன்னிக்கி ஒரு நாளு மட்டும் சட்ட போடாம நிக்கறீங்களா?"

"பெரியவரே, நான் பசங்களுக்குப் பாடம் சொல்றவன். பொய் சொல்ல மாட்டேன்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். சட்ட இல்லாம நின்னா போதும்."

"அது பொய்ய விட மோசங்க."

படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. கடைசியில், ஓவர்சியர் வருகிற அன்றைக்குச் சீக்கிரமே பள்ளிக்கூடம் போய்விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

ஓவர்சியர் வந்தார். ஒல்லியான மனிதர். கையில் குடை, காதில் பென்சில். கூடவே டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு பில் கலெக்டர். நான் இரண்டு நாளாகப் பழகி வைத்திருந்த பெருமூச்சை விட்டேன். ஓவர்சியர் திரும்பிப் பார்த்து, "ஆஸ்துமாவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. கவலைங்க."

"இது என்ன முட்டு?"

"சுவரு சாயுதுங்க."

"எடுத்தா?"

"எடுத்தா வூடு கெடையாதுங்க!"

எழுதிக்கொண்டார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கௌரம்மா வாயைத் திறக்காதே என்று சொன்னது மறந்தே போயிற்று.

"போன வாரம் என் தலைக்குப் பக்கத்துல ஒரு ஓடு வுழுந்துச்சுங்க. மயிரிழையில தப்பிச்சேன். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"காத்தடிச்சா வூடே ஆடுதுங்க. அதையும் போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டார். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் என் வரி இறங்குகிறது என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

மூன்றாம் வீட்டுக்கு வந்தோம். கௌரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பணியாரக் கம்பியை எடுத்தாள். முக்காலி மேல் ஏறினாள். உத்தரத்தில் குத்தினாள். கம்பி, வெண்ணெயில் இறங்குவது மாதிரி, கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று! பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. கூடவே நாலு கறையான்.

நான் அசந்துபோனேன். 'பலே கௌரம்மா!' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் கழியும் கரியும் வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறேன், இவள் கறையானையே பிடித்து வந்துவிட்டாளே... எங்கே பிடித்தாள்? எப்போது விட்டாள்?

அடுத்தது கிணறு. கைப்பிடிச் சுவரில் ஒரு கல்லைக் காலால் தள்ளினாள். அது உள்ளே விழுந்து 'தொபுக்' என்றது. இதையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்தது சாக்கடை, அடுத்தது குளியல் தட்டி... ஐயா, ஒவ்வொன்றும் பிரமாதம். நான் செய்த வேலையை விட அவள் செய்த வேலையில் நயம் அதிகம் என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

ஓவர்சியர் எழுதிய காகிதத்தை என் பக்கம் நீட்டினார். "நீங்க சொன்னதெல்லாம் இதுல இருக்குது. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

படிப்பதா? அவர் நீட்டியது பவுண்டன் பேனா. நான் 'மா'வைச் சுழித்து, 'ப்ப'வை வளைத்து, 'ன்'னில் ஒரு மயில் வால் இழுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு எதுவும் வரவில்லை. ரசனை இல்லாத ஆள்.

மூன்றாம் நாள் பில் கலெக்டர் பசையும் காகிதமுமாக வந்தார். ஐந்து வீட்டுக் கதவிலும் ஐந்து நோட்டீஸ். வெற்றிலை கொடுத்தேன், வாங்கவில்லை. சர்க்கார் தமிழ் எனக்குப் பிடிபடாது. வாத்தியாரைக் கூப்பிட்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்: "'மேற்படி ஐந்து கட்டடங்களும் மனிதர் குடியிருக்க லாயக்கற்றவை என்று அவற்றின் சொந்தக்காரரே கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டிருப்பதால், பதினைந்து நாளைக்குள் காலி செய்து இடித்துவிட வேண்டியது.'"

"வரி எவ்வளவு எறங்கியிருக்குதுன்னு போட்டிருக்குதா சார்?"

"வூடே இல்லாட்டி வரி ஏதுங்க, பெரியவரே?"

பிறகு பச்சியம்மாள் பத்து நாளில் முதல் தடவையாக என்னோடு பேசினாள். "எங்கப்பாரு சொன்னது பலிச்சுப் போச்சு. இனிமே கோழி கூட குடியிருக்காது," என்றாள்.

போர்டு ஆபீசுக்கு ஓடினேன். அங்கே ஓவர்சியரே உட்கார்ந்திருந்தார்.

"என் வூடு கோட்ட மாதிரிங்க! ஒவ்வொரு கல்லும் நான் வண்டியில கொண்டாந்ததுங்க!"

அவர் காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். மயில் வால் கையெழுத்து என்னைப் பார்த்தது.

"அன்னிக்கிச் சொன்னது பொய்யா, இன்னிக்கிச் சொல்றது பொய்யா?"

"அது... முட்டு பொய்ங்க. கரி பொய்ங்க. கள்ளிச்செடியும் நான் வெச்சதுங்க."

"உத்தரம்?"

"அது அந்தப் பொம்பள பண்ண வேலைங்க. கறையானப் புடிச்சு வுட்டுட்டா."

ஓவர்சியர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். "பெரியவரே, கறையான் ஒரு உத்தரத்த உள்ள தின்னு கூடாக்கறதுக்கு வருசக் கணக்காவும். அதுக்குக் கீழ ஒரு புள்ளத்தாச்சி படுத்திருக்குது. தூளிக் கயிறு வேற போட்டு வெச்சிருக்காங்க. நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. கம்பி உள்ளே போனதைப் பார்த்தேன், தூள் கொட்டியதைப் பார்த்தேன், கயிற்றைப் பார்க்கவில்லை.

நேராக மூன்றாம் வீட்டுக்குப் போனேன். கயிறு இருந்தது. புதுக் கயிறு. கீழே பாயில் கௌரம்மாவின் தங்கை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் முக்காலி மேல் ஏறி உத்தரத்தை விரலால் தட்டினேன். வேங்கை 'டண்' என்று சொல்ல வேண்டும். இது பறங்கிக்காய் மாதிரி 'பொத்' என்றது. நான் போட்ட உத்தரம்.

வாசகர்களே, எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஓவர்சியர் ஒரு வழி விட்டிருந்தார். பத்து நாளைக்குள் எல்லாவற்றையும் சரி செய்ய வேண்டும். அதோடு 'இங்கே பயமில்லாமல் குடியிருக்கலாம்' என்று குடியிருப்பவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மறுபடி வந்து பார்த்தால் நோட்டீஸ் ரத்து.

கிணற்றடியில் கூட்டம் கூடினோம். எனக்கு உட்கார ஒரு கவிழ்த்த அண்டா.

"எல்லாரும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கப்பா," என்றேன்.

"போடறோம்ணா," என்றாள் கௌரம்மா. "ஆனா நாங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவோம்."

வாத்தியார் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று முதுகிலேயே தெரிந்தது.

அவள் சொல்லச் சொல்ல வாத்தியார் எழுதினார். உத்தரம் மாற்ற வேண்டும். ஓடு முழுக்கப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர். பெண்களுக்குக் குளியல் தட்டி. சாக்கடைக்குக் கல். கடைசியாக, இதைச் சாக்கு வைத்து அஞ்சு வருஷத்துக்கு வாடகை ஏற்றக் கூடாது.

"ஏமா, இது கொள்ளையில்ல?"

"கொள்ள இல்லீங்ணா. நாங்க ரெண்டு மழக்காலமாச் சொன்னதுதான். அப்ப நீங்க கதையாச் சொன்னீங்க, இப்ப சார் லிஸ்டா எழுதறாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

கொத்தனார் வந்தார். ஓட்டு வேலைக்கு ஆள் வந்தது. தச்சர் மட்டும் கையை விரித்தார். யுத்தக் காலத்தில் அவ்வளவு நீளத்துக்குக் காய்ந்த மரம் ஊரில் எங்கேயும் இல்லை. எல்லா மரமும் பட்டாளத்துக்கே போகிறது என்றார். இதைச் சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் மறுபடி கொட்டகையைப் பார்த்தார்.

"அது நெலைக்கு வெச்சதுங்க," என்றேன்.

"தெரியும்ங்க. 'மா' செதுக்கினதே நான்தான."

அதற்குள் பச்சியம்மாளே கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள்.

கட்டை மேலே போயிற்று. 'மா' மட்டும் ஒரு ஓரத்தில் தெரிகிறது. மீதிப் பெயருக்கு இடமும் இருக்கிறது. ஆனால் உத்தரத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டு செதுக்கத் தச்சர் சம்மதிக்கவில்லை.

எல்லாம் முடிந்து, கடைசியாக என் வீட்டுப் பக்கச் சுவரில் இருந்த முட்டுக் கழியை எடுக்கப் போனேன். ஆப்பைத் தட்டினேன். கழி வந்தது. கூடவே நாலு கல்லும் வந்தது. சம்மட்டியால் இறுக்கியதில் அந்த யானைச் சுவர் உள்பக்கமாக விரிசல் விட்டிருந்தது!

கௌரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "நல்ல சுவத்துக்கு முட்டுக் குடுத்தா இப்பிடித்தாண்ணா. சாயாத சுவரும் சாஞ்சு போச்சு."

கொத்தனாருக்கு மேலும் ஒரு நாள் கூலி.

பத்தாம் நாளுக்கு முந்தின நாள் ஐந்து கூடை சுண்ணாம்பு இறக்கினேன். ஆறு கூடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சியம்மாள் அடுப்படிக்கு இரண்டாம் பூச்சு கேட்டாள். மொத்தக் குடித்தனமும் அடித்தது. வாத்தியார் கூடச் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தார்! நான் கேட்ட அன்றைக்குக் கழற்றாத சட்டை. காவிப் பட்டை போட்டோம். கௌரம்மா பானை வைத்துப் பொங்கலே பொங்கிவிட்டாள். பக்கத்துத் தெருவில், 'மாதப்பனுக்கு மட்டும் சர்க்கார் ரெண்டு பொங்கல் குடுத்திருக்குது' என்று பேசிக்கொண்டார்களாம்.

ஓவர்சியர் வந்தார். உத்தரத்தைத் தட்டினார். 'டண்!' கிணற்றைச் சுற்றி வந்தார். சாக்கடையைப் பார்த்தார். கௌரம்மா ஒரு தட்டில் பொங்கலை நீட்டி, "அரமன மாதிரி இருக்குதுங்க!" என்றாள். அந்த வார்த்தையை மட்டும் அவள் விட்டிருக்கலாம்.

நோட்டீஸ் ரத்து. ஐந்தையும் என் கையாலேயே கிழித்தேன். கண்ணில் சுண்ணாம்பு பட்டுத் தண்ணீர் வந்தது. சுண்ணாம்புதான்.

அப்புறம் ஓவர்சியர் பையிலிருந்து இன்னொரு நோட்டை எடுத்தார்.

"இது என்னாங்க?"

"வரி நோட்டு. அன்னிக்கு இத எழுத முடியல. வூடு இருந்தாத்தான எழுதறது?"

எழுதினார். தொகையை நான் இங்கே போடவில்லை. என் வரிசையில் இதற்கு முன் இருந்த வரி அதன் தம்பி மாதிரி நின்றது.

"ஏனுங்க, ரிப்பேர் செஞ்சதுக்கா இவ்வளவு?"

"ரிப்பேருக்கு இல்ல. போன தடவ திருத்தும்போது கூட உங்க வூட்டுல முட்டு இருந்திச்சாம், ரிஜிஸ்டர்ல இருக்குது. முட்டு இல்லாம இந்த வூட்ட போர்டு பாக்கறது இதுதான் மொத தடவ."

அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. மறதி.

ஆகவே, அரூர் நண்பரே, என் பதில்: ஓடு மாற்றுங்கள், உத்தரம் மாற்றுங்கள். இருக்கிற வீட்டை இருக்கிற மாதிரி வைத்துக்கொள்வதற்காக எங்கள் போர்டில் வரி ஏற்றவில்லை. புதிதாக அறை இழுத்தால்தான் ஏறும். பழைய வரி தப்பாக இருந்தால், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். வீடு காலியாகக் கிடந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள். கூரையும் சுவரும் உத்தரமும் சொந்தக்காரர் பொறுப்பு. சுண்ணாம்பு அடிப்பது யார் என்பதை உங்கள் ஊர் வழக்கம் பார்த்துக்கொள்ளும். கொத்தனாருக்குக் கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். குடியிருப்பவர் ஒரு குறையைச் சொன்னால், அந்த வீட்டை யார் கட்டியது என்று அவருக்குச் சொல்லாதீர்கள். கம்பியை எடுத்துக் குத்திப் பாருங்கள்.

கௌரம்மாவின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தூளி என்னுடைய வேங்கையில் ஆடுகிறது. 'மா' என்ற எழுத்துக்கு நேர் கீழே. குழந்தை கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது என் பெயரின் முதல் எழுத்து. அதற்குப் படிப்பு நன்றாக வரும்.

போன வாரம் எங்கள் சந்து முனையில் போர்டு ஒரு லாந்தர்க் கம்பம் நட்டது. வரி நன்றாக வருகிற சந்துக்கு விளக்கு என்று தீர்மானமாம். பிரசிடெண்ட் வந்து திரியை ஏற்றிப் பேசினார். ஓவர்சியரின் கடமை உணர்ச்சியைப் பாராட்டினார். குடியிருப்பவர்களின் ஒற்றுமையைப் பாராட்டினார். கௌரம்மாவுக்கு மாலை. பணியாரக் கம்பியைக் கூட அவர் கையில் வாங்கிப் பார்த்தார். பில் கலெக்டருக்கும் ஒரு வார்த்தை கிடைத்தது. நான் முன் வரிசையில்தான் நின்றேன். புது வேட்டி. இரண்டு தடவை இருமினேன். ஓவர்சியர், "கவலையா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

இது நியாயமா? சந்து இல்லாவிட்டால் கம்பத்தை எங்கே நடுவார்கள்? அந்தச் சந்து யார் உண்டாக்கியது? உத்தரத்தைக் கறையான் தின்னும் வரைக்கும் விட்டு வைத்தது யார்? நான் விட்டு வைக்காவிட்டால் கௌரம்மா எதில் குத்தியிருப்பாள்? முட்டுக் கொடுத்தது, கரி பூசியது, கையெழுத்துப் போட்டது, ஓடியது, அழுதது, கட்டையைக் கொடுத்தது, வரி கட்டுவது - இத்தனையும் ஒரே ஆள். அந்த லாந்தரில் எரிகிற மண்ணெண்ணெய் என் வரிப் பணம்.

ஆகவே போர்டாருக்கு இந்தப் பத்தி மூலமாகவே கேட்கிறேன். அந்தக் கம்பத்தில் ஒரு தகடு அடித்து, 'மாதப்பனால் வந்தது' என்று போட வேண்டும். மனுவை வாத்தியார் எழுதித் தருவார். கீழே கையெழுத்து நான் போடுகிறேன்...

இந்தத் தடவை, படித்துப் பார்த்துவிட்டு.